ஒத்திப் பணம் எட்டு லட்சம், பத்திரம் நூறு ரூபாய்!

சவூதியில் ஐந்து வருடம் உழைத்த பணம், மனைவியின் நகையில் பாதி, மாமனார் கொடுத்த கைமாற்று. எல்லாவற்றையும் சேர்த்து எட்டு லட்சம் ரூபாயை ஒருவர் கையில் கொடுக்கிறீர்கள். பதிலுக்கு உங்கள் கைக்கு வருவது ஒரு வீட்டுச் சாவியும் நூறு ரூபாய் முத்திரைத்தாளும்தான். தாளில் வீட்டுக்காரர் கையெழுத்து, உங்கள் கையெழுத்து, ஒரு நோட்டரி முத்திரை. மூன்று வருடம் வாடகையில்லாமல் குடியிருக்கலாம், காலி செய்யும் அன்று பணம் முழுசாகத் திரும்பி வரும் என்பது பேச்சு. தென்மாவட்டங்களில் இதை ஒத்தி என்கிறோம். வடக்கே போக்கியம். சென்னையில் லீஸ் என்று சொன்னால்தான் புரியும். பெயர் எதுவானாலும் நம் மக்களில் நடுத்தரக் குடும்பங்கள் தங்கள் வாழ்நாள் சேமிப்பைக் கொண்டுபோய் வைக்கும் இடம் இதுதான்.

இரண்டாம் வருடம் ஒரு நாள் வாசல் சுவரில் வங்கியின் நோட்டீஸ் ஒட்டப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர் உங்களுக்கு வீட்டைக் கொடுப்பதற்கு முன்பே அதன் பேரில் கடன் வாங்கியிருக்கிறார். தவணை கட்டவில்லை. வங்கி வீட்டை எடுத்துக்கொள்ளப் போகிறது. நீங்கள் அந்த நூறு ரூபாய்த் தாளை எடுத்துக்கொண்டு வங்கிக்கு ஓடுகிறீர்கள். அங்கே உங்களைக் கேட்கும் முதல் கேள்வி: "இது ரிஜிஸ்டர் ஆனதா?"

சகோதரர்களே! இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல்தான் எத்தனையோ குடும்பங்கள் தட்டுமுட்டுச் சாமான்களோடு தெருவில் நிற்கின்றன. வங்கியைத் திட்டுகிறோம், வீட்டுக்காரரைச் சபிக்கிறோம். பணத்தைக் கொடுத்த அன்று நாம் என்ன செய்தோம் என்பதையும் பேசித்தான் ஆக வேண்டும்.

சட்டத்தின் கண்ணில் ஒத்தி என்பது என்ன?

ஒத்தியை நாம் வாடகையின் இன்னொரு வகையாக நினைக்கிறோம். சட்டம் அப்படிப் பார்க்கவில்லை. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் இதை அடமானம் என்கிறது. அனுபவ பாத்தியதையோடு கூடிய அடமானம். அதாவது நீங்கள் குடித்தனக்காரர் மட்டுமில்லை, கடன் கொடுத்தவர். வீடு உங்கள் கடனுக்கு ஈடு. அந்த வீட்டில் குடியிருப்பது அந்த ஈட்டை அனுபவிப்பது.

அதே சட்டத்தின் 59ஆவது பிரிவு இன்னொன்றையும் சொல்கிறது. நூறு ரூபாயோ அதற்கு மேலோ கடன் தொகை இருந்தால், எழுதிக் கொடுப்பவர் கையெழுத்திட்டு, குறைந்தது இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டு, பதிவு செய்யப்பட்ட பத்திரத்தின் மூலம் மட்டுமே இப்படிப்பட்ட அடமானம் செல்லும். கவனியுங்கள்! நூறு ரூபாய்க்கு மேல் போனாலே பதிவு கட்டாயம். நாம் எட்டு லட்சத்துக்குப் பதிவு செய்வதில்லை.

பதிவு செய்யாத தாளுக்கு மதிப்பே இல்லையா என்று கேட்பீர்கள். வீட்டுக்காரர் உங்களிடம் பணம் வாங்கினார் என்பதற்கு அது ஒரு சாட்சியமாக நிற்கலாம். அந்தப் பணத்தைக் கேட்டு அவர் மீது வழக்குப் போடலாம். ஆனால் அந்த வீட்டின் மீது உங்களுக்கு எந்தப் பிடியும் கிடையாது. வீடு வங்கிக்குப் போகும். நீங்கள் வெறுங்கையரான ஒரு மனிதரின் பின்னால் நீதிமன்றப் படியேற வேண்டும். அங்கேயும் சிக்கல் உண்டு. உரிய முத்திரைத் தீர்வை கட்டாத பத்திரத்தை நீதிமன்றம் சும்மா ஏற்றுக்கொள்ளாது. குறைந்த தீர்வையையும், அதன் மேல் பத்து மடங்கு வரை அபராதத்தையும் கட்டச் சொல்ல முத்திரைச் சட்டத்தில் இடமிருக்கிறது. அன்று மிச்சம் பிடித்தது இன்று வட்டியும் முதலுமாக வெளியே வருகிறது.

வங்கிக்கு முன்னால் நிற்குமா?

வீடு ஏற்கெனவே வங்கியில் அடமானத்தில் இருந்தால் என்ன ஆகும்? 65ஏ என்ற பிரிவு, அடமானத்தில் இருக்கும் சொத்தை அதன் உரிமையாளர் வாடகைக்கு விட அனுமதிக்கிறது. ஆனால் நிபந்தனைகளோடு. கட்டடத்தை மூன்று வருடத்துக்கு மேல் விடக் கூடாது. நியாயமான வாடகைக்கு விட வேண்டும். மொத்தத் தொகை எதுவும் வாங்கக் கூடாது, வாடகையை முன்கூட்டியே வாங்கவும் கூடாது. அப்படியானால் வாடகையே இல்லாமல் எட்டு லட்சத்தை மொத்தமாக வாங்கும் 'லீஸ்' எந்த வகையில் சேரும்? நீங்களே சொல்லுங்கள்.

கடனை வசூலிக்க வங்கிகள் கையில் வைத்திருப்பது 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டம். கடன்காரருக்கு அறுபது நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு, நீதிமன்ற வழக்கு இல்லாமலேயே சொத்தைக் கைப்பற்ற அந்தச் சட்டம் வழி செய்கிறது. அந்த அறுபது நாள் நோட்டீஸ் கடன் வாங்கியவர் பெயருக்கு வருகிறது. குடியிருக்கும் உங்களுக்கு அது தெரியாமலே போகலாம். சுவரில் ஒட்டும்போதுதான், அல்லது செய்தித்தாளில் வரும்போதுதான் தெரியும். உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போய்த் தடை வாங்கலாம் என்றால் அந்தக் கதவையும் இந்தச் சட்டத்தின் 34ஆவது பிரிவு மூடி வைத்திருக்கிறது.

உச்ச நீதிமன்றம் 2019இல் பஜரங் சியாம்சுந்தர் அகர்வால் எதிர் சென்ட்ரல் வங்கி வழக்கில் குடியிருப்பவரின் நிலை என்ன என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. வங்கி அடமானத்துக்கு முன்பே முறைப்படி ஏற்பட்ட குத்தகை என்றால் குடியிருப்பவரைத் தொந்தரவு செய்ய முடியாது. அடமானத்துக்குப் பிறகு, வங்கி நோட்டீஸுக்கு முன் வந்தவர் என்றால் மேலே சொன்ன 65ஏ நிபந்தனைகளுக்கு உட்பட்டிருக்க வேண்டும். பதிவு செய்யாத ஒப்பந்தத்தையோ வாய்ப்பேச்சையோ வைத்துக்கொண்டு பல வருட உரிமை கேட்டால் எடுபடாது. வழக்கறிஞரிடம் போகும்போது இந்தத் தீர்ப்பின் பெயரைச் சொல்லுங்கள், உங்கள் நிலை இதில் எங்கே வருகிறது என்று அவர் சொல்வார்.

இதிலிருந்து ஒன்று புரிகிறது. வங்கிக் கடன் ஏற்கெனவே இருக்கும் வீட்டை ஒத்திக்குப் பிடித்துவிட்டு, பிறகு ஓடிப்போய்ப் பதிவு செய்தாலும் நீங்கள் வங்கிக்குப் பின்னால்தான் நிற்பீர்கள். எனவே பதிவு வேண்டும், பதிவுக்கு முன்னால் விசாரணையும் வேண்டும்.

"நோட்டரி போட்டாச்சே!"

நம்மிடையே உலவும் சில நம்பிக்கைகள் இருக்கின்றன. நோட்டரி கையெழுத்துப் போட்டால் பதிவு மாதிரிதான் என்பது ஒன்று. நோட்டரி சான்றளிப்பது இன்னார் கையெழுத்திட்டார் என்பதை. அது பதிவாகாது. ஜமாஅத் தலைவர் முன்னிலையில் எழுதினோம், லெட்டர்பேடில் முத்திரை வைத்தோம் என்பது இன்னொன்று. ஜமாஅத் தலைவர் எவ்வளவு பெரிய மனிதரானாலும் சார்பதிவாளர் ஆகிவிட மாட்டார்.

மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. "பழகின மனுஷன், நம்ம ஆளு, எழுத்து எதுக்கு? சந்தேகப்படுற மாதிரி இருக்கும்." கொடுக்கல் வாங்கலை எழுதி, சாட்சி வைத்துக்கொள்ளச் சொல்வதற்கென்றே திருக்குர்ஆனில் மிக நீளமான வசனம் (2:282) இருக்கிறது. அதை ஓதத் தெரிந்த நாம் பத்திரம் எழுதச் சொன்னால் கூச்சப்படுகிறோம். எழுதக் கேட்பது சந்தேகம் என்றால், எழுத மறுப்பதற்கு என்ன பெயர்? (ஒத்தி வீட்டில் வாடகையில்லாமல் குடியிருப்பது மார்க்கப்படி கூடுமா என்பது தனி விவாதம். உலமாக்கள் அதைப் பல காலமாகப் பேசி வருகிறார்கள். கேட்டுத் தெளிய வேண்டியவர்கள் அவர்களிடம் கேட்டுக்கொள்ளட்டும். நாம் இங்கே சட்டத்தை மட்டும் பார்க்கிறோம்.)

செலவு அதிகம் என்பது மெய்தான்

பதிவு செய்யாததற்கு அறியாமை மட்டும் காரணமில்லை. செலவும் காரணம். இதை மறைத்துப் பேசினால் நியாயமாகாது. தமிழ்நாட்டில் சுவாதீனத்தோடு கூடிய அடமானத்துக்குக் கடன் தொகையில் நூற்றுக்கு நான்கு ரூபாய் முத்திரைத் தீர்வை, நூற்றுக்கு ஒரு ரூபாய் பதிவுக் கட்டணம். எட்டு லட்சத்துக்கு 32,000மும் 8,000மும் சேர்த்து 40,000 ரூபாய். பத்திரம் எழுதும் கூலி தனி. (கட்டணங்களை அரசு அவ்வப்போது மாற்றும். போகும் முன் சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.)

வசதி படைத்தவர் தம் வீட்டுப் பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்துக் கடன் வாங்குகிறார். அந்த ஒப்பந்தத்துக்குத் தீர்வை நூற்றுக்கு அரை ரூபாய்! அதற்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. வாடகை கொடுக்க முடியாமல் ஒத்திக்கு வரும் ஏழைக்கு நூற்றுக்கு நான்கு. இதுவும் அடமானம்தான், அதுவும் அடமானம்தான். எட்டு மடங்கு வித்தியாசம் ஏன்? குடியிருப்புக்காக எழுதப்படும் சிறு தொகை ஒத்திப் பத்திரங்களுக்குத் தீர்வையைக் குறைத்தால் அரசுக்கு நஷ்டம் வராது. இன்று பதிவுக்கே வராத பத்திரங்கள் வரத் தொடங்கும், கருவூலத்துக்கு வருமானம் கூடும். சட்டமன்றத்தில் இருக்கும் நம் பிரதிநிதிகள் இதைக் கேள்வியாக எழுப்பட்டும். மேடைதோறும் இதைப் பேச வேண்டியவர்கள் பேசட்டும்.

ஆனால் அரசு குறைக்கும் வரை காத்திருக்க முடியுமா? 40,000 ரூபாயை மூன்று வருடத்துக்குப் பிரித்துப் பாருங்கள். மாதம் 1,111 ரூபாய். எட்டு லட்சத்தைக் காவல் காக்க மாதம் ஆயிரத்துச் சொச்சம். இதை இரண்டு தரப்பும் பாதிப் பாதி போட்டுக்கொள்ளலாம் என்று பேச்சுத் தொடங்கும்போதே கேளுங்கள். புரோக்கருக்குக் கமிஷன் தருகிறோமே, அதைவிட இது அவசியமான செலவு.

சாவி வாங்கும் முன்

முதலில் மூலப் பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஜெராக்ஸ் வேண்டாம், அசல். "அது ஊர்ல இருக்கு, தம்பிகிட்ட இருக்கு, லாக்கர்ல இருக்கு" என்று நாளைக் கடத்தினால் அது வங்கியில் இருக்கிறது, அல்லது வட்டிக்காரரிடம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அசலைக் கையில் வாங்கிப் பார்க்காமல் ஒரு ரூபாய் கூட அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

அடுத்தது வில்லங்கம், அதாவது ஈ.சி. பதிவுத்துறை இணையதளத்தில் இதைக் கட்டணமில்லாமலே பார்க்கலாம். சர்வே எண்ணோ பத்திர எண்ணோ இருந்தால் போதும். பெரும்பாலான வங்கிகள் பத்திர ஒப்படைப்பைப் பதிவு செய்கின்றன, அது வில்லங்கத்தில் தெரியும். ஆனால் பதிவு செய்யாமல் வெறுமனே பத்திரத்தை வாங்கி வைத்திருந்தால் வில்லங்கம் சுத்தமாகத்தான் காட்டும். அதனால்தான் அசல் பத்திரத்தை முதலில் சொன்னோம். இரண்டும் சேர்ந்தால்தான் சோதனை முழுமை.

வீடு யார் பெயரில் இருக்கிறது என்பதில் நம் வீடுகளுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. தகப்பனார் பெயரில் இருக்கும் வீடு. அவர் மௌத்தாகிவிட்டார். மூத்த மகன் அதில் ஒரு பகுதியை ஒத்திக்கு விடுகிறார். அவருடைய தம்பிகள் துபாயில், தங்கைகள் வேறு ஊர்களில் வாழ்க்கைப்பட்டவர்கள். தகப்பனார் இறந்த அந்த நிமிடமே தாய்க்கும் பெண் மக்களுக்கும் அவரவர் பங்கு சேர்ந்துவிட்டது. மூத்தவர் எழுதிக் கொடுத்தால் அவர் பங்கு மட்டும்தான் கட்டுப்படும். நாளை ஒரு தங்கை வந்து "என் பங்கைக் கொடு" என்று நின்றால் நியாயம் அவள் பக்கம். எனவே வாரிசுகள் எல்லோரும் கையெழுத்திட வேண்டும். வெளிநாட்டில் இருப்பவருக்காக வேறொருவர் கையெழுத்திட்டால் அவரிடம் முறையான பவர் பத்திரம் இருக்கிறதா, அதில் அடமானம் எழுதிக்கொடுக்கும் அதிகாரம் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். வீட்டைப் பராமரிக்கக் கொடுத்த பவரை வைத்து ஒத்தி எழுத முடியாது.

பணத்தை வங்கி மூலம் கொடுங்கள். 20,000 ரூபாயும் அதற்கு மேலும் கடனாகவோ வைப்பாகவோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது, வாங்கியவருக்கு அதே அளவு அபராதம். அது அவர் பாடு. உங்கள் பாடு வேறு: ரொக்கத்துக்கு சாட்சி கிடையாது. பத்திரத்தில் ஐந்து லட்சம் போட்டுக்கொள்வோம், மீதி மூன்றைக் கையில் கொடுங்கள் என்று வீட்டுக்காரர் சொன்னால், அந்த மூன்று லட்சத்துக்கு ஃபாத்திஹா ஓதிவிட்டுக் கொடுங்கள்.

வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. குறித்த நாளில் பணத்தைத் திருப்பாவிட்டால் வீடு எனக்கே சொந்தம் என்று எழுதி வாங்குபவர்கள் இருக்கிறார்கள். அப்படி எழுதினாலும் செல்லாது. பணத்தைக் கொடுத்து அடமானத்தை மீட்கும் உரிமையை அப்படி ஒரு வரியால் பறிக்க முடியாது. பயந்து வீட்டை எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.

கடைக்காரர்கள் கவனிக்க

கடைகளில் ஒத்தி குறைவு, அட்வான்ஸ்தான் அதிகம். இதற்கு வேறு சட்டம். 1960ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. 2017இல் இயற்றிய புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நகர்ப்புறங்களில் நடைமுறையில் இருக்கிறது. எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம் வேண்டும், அதை வாடகை அதிகார அமைப்பிடம் பதிய வேண்டும். ஒப்பந்தம் போடாமல் இருப்பதையே காலி செய்யச் சொல்லும் காரணமாகக் காட்ட அந்தச் சட்டம் இடம் தருகிறது. எனவே பதினொரு மாதத் தாளைத் திருப்பித் திருப்பி ஜெராக்ஸ் போட்டு ஓட்டுவது இனி உதவாது. வேறு மாதிரிப் பேசிக்கொள்ளாத பட்சத்தில் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது, காலி செய்த ஒரு மாதத்துக்குள் பாக்கி போகத் திருப்பித் தர வேண்டும். பகடி என்று கொடுக்கும் பணத்துக்கு ரசீதும் இல்லை, அதைத் திரும்பக் கேட்க வழியும் இல்லை. கடைக்கு ஜி.எஸ்.டி. பதிவு எடுக்கப் போனால் இடத்துக்கு ஆதாரமாக இதே ஒப்பந்தத்தைத்தான் கேட்கிறார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கடைக்காரர் இல்லாத நேரம் பார்த்துப் பூட்டை மாற்றும் உரிமையாளர்கள் உண்டு. சட்டப்படி அல்லாமல் யாரையும் வெளியேற்ற முடியாது. அப்படி வெளியேற்றினால் ஆறு மாதத்துக்குள் தனி நிவாரணச் சட்டத்தின் 6ஆவது பிரிவில் வழக்குப் போட்டுத் திரும்ப உள்ளே போகலாம். ஆறு மாதம் தாண்டினால் இந்த வழி கிடையாது. பஞ்சாயத்துப் பேசியே ஆறு மாதத்தைக் கழித்துவிடாதீர்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு

பதிவு செய்யாத ஒத்தியில் இன்று குடியிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் பதறலாம். பதறுவதால் பயனில்லை. இந்த வாரமே வீட்டின் வில்லங்கத்தைப் பாருங்கள். சுத்தமாக இருந்தால் வீட்டுக்காரரிடம் பேசி இப்போதே முறைப்படி ஒத்திப் பத்திரம் எழுதிப் பதிவு செய்யுங்கள். வருடம் கடந்துவிட்டாலும் புதிதாக எழுதிப் பதியத் தடையில்லை.

தவணை முடிந்தும் பணம் தராமல் "அப்படியே இருங்க, பாத்துக்கலாம்" என்று சொல்லும் வீட்டுக்காரர் விஷயத்தில் எச்சரிக்கை வேண்டும். பதிவில்லாத தாளை வைத்துப் பணம் கேட்கும் வழக்குக்கு, பணம் திரும்ப வேண்டிய நாளிலிருந்து மூன்று வருடம்தான் காலக்கெடு. அது முடிவதற்குள் பாக்கி இவ்வளவு என்று தேதி போட்டு அவர் கைப்பட எழுதி வாங்குங்கள். அன்றிலிருந்து கெடு புதிதாகத் தொடங்கும். நாள் கடந்தபின் வாங்கும் எழுத்துக்கு அந்த பலம் இல்லை.

சுவரில் வங்கி நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது என்றால் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். நாற்பத்தைந்து நாட்களுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்தில் மனுச் செய்ய வேண்டும். சென்னை, கோவை, மதுரை ஆகிய ஊர்களில் அது இருக்கிறது. குடியிருப்பவர் தம் குத்தகை உரிமையை அங்கே சொல்லலாம் என்று 2016இல் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். குடும்ப அட்டை, மின் கட்டண ரசீது, பிள்ளைகளின் பள்ளிச் சான்று என அந்த முகவரியில் எவ்வளவு காலமாக இருக்கிறீர்கள் என்று காட்டும் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். வங்கிக் கடனை மறைத்துப் பணம் வாங்கியிருந்தால் அது ஏமாற்றுக் குற்றம். 2024 ஜூலை 1க்குப் பிறகு நடந்தது என்றால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆவது பிரிவு, அதற்கு முன் என்றால் பழைய 420. மாவட்டக் குற்றப்பிரிவில் எழுத்தில் புகார் கொடுத்து, மனு ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கக் காசில்லை என்று பின்வாங்க வேண்டாம். 1987ஆம் ஆண்டின் சட்டப்படி பெண்களுக்கு அவர்கள் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. ஒத்திப் பணத்தில் மனைவியின் நகையும் இருக்கிறதே, அடுத்த முறை ஒப்பந்தத்தை அவர் பெயரிலும் எழுதலாமே! மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் நேரில் கேட்கலாம். தொலைபேசியில் கேட்க எண் 15100.